முத்துராஜ் எடுக்காத கல்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கூரியர் என்று நாலு போர்டு மாட்டிய கடை என்னுடையது. பதினாறு வருடமாக நடத்துகிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் பிறந்ததற்கும் செத்ததற்கும் என் கடையில்தான் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒருத்தன் யார், எங்கே பிறந்தான், எங்கே இருக்கிறான் என்பதெல்லாம் இரண்டு பக்க விண்ணப்பத்தில் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். முத்துராஜ் விஷயத்தில்தான் அந்தத் திமிர் இறங்கியது.

முத்துராஜுக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் சித்தேரி மலையில் தும்பக்காடு. முப்பது வீடுகூட இருக்காது. சாமையும் கொள்ளும் விளையும் ஊர். அப்பா மாதையன் இவனுக்கு ஏழு வயதாகும்போது குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் தகவல் இல்லை. அம்மா சின்னக்கா மட்டும்தான். கடுக்காய் பொறுக்கி, புளி தட்டி, இருக்கிற ஒரு துண்டுக் காட்டைக் கொத்தி இவனை வளர்த்தாள். இவன் கீழே விடுதியில் தங்கிப் படித்தான். பிறகு தருமபுரியில் கேட்டரிங் டிப்ளமா. அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது நான். கடைசி ஆறு மாதம் மலேசியாவில் ஒரு ஓட்டலில் இன்டர்ன்ஷிப் என்றதும், பிறப்புச் சான்றிதழே இல்லாத இந்தப் பையனுக்கு ஆர்டிஓ ஆபீஸ் வரை நடந்து சான்றிதழ் வாங்கி, பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவனை விமானத்தில் ஏற்றியதில் முக்கால்வாசி என் கை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தை மாதம் போனான். ஆடி மூன்றாம் வாரம் திரும்பினான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தான். முதுகில் ஒரு பை, கையில் எனக்கு ஒரு சாக்லேட் டப்பா.

"கடையில ஏதாச்சும் வேலை இருக்குதுங்களாக்கா?" என்றான்.

எனக்கு எரிச்சல் வந்தது. மலேசியா ஓட்டலில் சமைத்துவிட்டு வந்தவன் என்னிடம் ஜெராக்ஸ் எடுக்கவா நிற்பான்?

"சமையல் படிச்சிட்டு எங்கிட்ட எதுக்குடா வர்ற? சென்னைக்குப் போ, பெங்களூருக்குப் போ."

"சமையல் வரமாட்டேங்குதுங்க்கா. உப்பு தெரியல. நாக்குல உப்பு மட்டும் தெரியமாட்டேங்குது."

"கொரோனாவா இருக்கும்" என்றேன்.

நம்பாமல், பக்கத்து மெஸ்ஸிலிருந்து ஒரு ஸ்பூன் கல்லுப்பு வாங்கி அவன் உள்ளங்கையில் கொட்டினேன். மொத்தத்தையும் வாயில் போட்டுக் கடித்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "மாவு மாதிரி இருக்குதுங்க்கா" என்றான். மெஸ்காரர் குப்புராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு என்னா ஆச்சி?" என்று மட்டும் கேட்டார்.

வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். குப்புராஜ் மெஸ் மாடியில் ஒரு அறை கிடைத்தது. நல்ல பையன்தான். மெஷினில் பேப்பர் சிக்கினால் என்னைப் போலத் திட்டாமல் பொறுமையாக எடுப்பான். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மலைக்குப் போகவே மாட்டேன் என்றான். கண்ணுக்கு எதிரே மலை. ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆறு மாதமாகப் பார்க்காத அம்மா அங்கே இருக்கிறாள். கேட்டால், "போவணுங்க்கா" என்பான். ஆடி முடிந்தது. ஆவணியும் பாதி போனது. நான் ஏசாத ஏச்சு இல்லை.

"அங்க உன்னப் பெத்தவ கண்ணு பூத்து உக்காந்திருப்பா. நீ இங்க எங்கிட்ட லேமினேஷன் பண்ணிகிட்டு கெட" என்றேன் ஒருநாள்.

அன்றைக்குத்தான் தும்பக்காட்டு ராஜப்பன் ஒரு பட்டா நகலோடு கடைக்கு வந்தார். சின்னக்காவுக்குப் பக்கத்து வீடு. ஊரிலேயே போன் வைத்திருக்கும் சிலரில் ஒருவர். ஏதோ சொல்லிக்கொண்டே நகலை என் கையில் கொடுத்தவர், மெஷின் பக்கத்தில் நின்ற முத்துராஜைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து அவன் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சித்தப்பா" என்று முத்துராஜ் ஒரு அடி எடுத்து வைத்தான். ராஜப்பன் பட்டா நகலைக்கூட வாங்கிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். அந்த நகல் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

'மலேசியா போனவன் இங்கே குனிந்து நிற்கிறானே என்று அவருக்குக் கோபம்' என நினைத்துக்கொண்டேன். காலை எதற்குப் பார்த்தார் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அன்று மதியம் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்வரை வராது. மெஷின் எல்லாம் நின்று கடை அமைதியாக இருந்தது. அப்போதுதான் சொன்னான்.

தும்பக்காட்டில் ஒரு வழக்கம். தேனுக்கோ கடுக்காய்க்கோ கூட்டமாகக் காட்டுக்குள் போனால் தலையை எண்ண மாட்டார்கள். எண்ணினால் ஒன்று குறையும் என்று பயம். ஊர் எல்லையில் ஒரு புளியமரம், அதன் அடியில் ஒரு பலகைக்கல். போகிறவர் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பலகைக்கல் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் கல்லைத் தானே எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு ஊருக்குள் நுழைய வேண்டும். கல் கிடந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அடுத்தவர் கல்லை யாரும் தொடக்கூடாது. இப்போது திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"எங்கப்பா கல்லு பதினஞ்சி வருசமா அங்கியே கெடக்குதுங்க்கா. பாசி புடிச்சிப்போச்சி. எங்கம்மா வெறகுக்குப் போறப்ப ஒருதரம், வர்றப்ப ஒருதரம் அதப் பாத்துட்டுத்தான் போவும். நான் மலேசியாவுக்குக் கெளம்பறப்ப அது பக்கத்துல என் கல்லை வெச்சேன். அம்மா பாத்துகிட்டு நின்னுச்சி."

"சரி. வந்துட்டே இல்ல? போய் எடுத்துப் போட்டுட்டு வூட்டுக்குப் போ."

"வந்தது நான்தானான்னு தெரியாம எப்படிங்க்கா எடுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, ஓட்டலில் வேலை செய்யும் நாலு பேர் சேர்ந்து கடற்கரைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். முத்துராஜ். இவனோடு இன்டர்ன்ஷிப்புக்குப் போன நல்லம்பள்ளிப் பையன் இளம்பரிதி. பாத்திரம் கழுவும் பிரிவில் பிஷ்ணு என்று ஒரு நேபாளி. அறைகளைச் சுத்தம் செய்யும் ஐனா என்ற மலாய்ப் பெண். கார் அவளுடையது. நாலு மணி நேரம் ஓட்டிக் கிழக்குக் கரைக்குப் போய், சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு மலிவான அறை எடுத்தார்கள். வாழை இலையில் சுட்ட மீன் வாங்கித் தின்றார்கள். இளம்பரிதி செல்போனில் பாட்டுப் போட்டு ஆடினான். முத்துராஜ் கடலைப் பார்த்ததே அப்போதுதான்.

"நம்ம பக்கம் தண்ணின்னா கீழ எறங்கிப் போவும். அது எங்கியும் போவலீங்க்கா. வருது, நிக்குது, பின்னால போயி நம்மளயே பாக்குது."

மறுநாள் ஞாயிறு காலை எல்லாரும் குளிக்க இறங்கினார்கள். இறங்குமுன் இவனுக்குக் கை ஊர் வழக்கத்துக்குப் போய்விட்டது. படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன சிமெண்டுச் சுவர். ஓடை வந்து கடலில் சேரும் இடத்தில் நாலு கூழாங்கல் பொறுக்கிவந்து அதன் மேல் வரிசையாக வைத்தான். ஒன்றில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. ஒவ்வொருவரும் தன் கையால் வைக்க வேண்டும் என்று மற்ற மூன்று பேருக்கும் விளக்க இவனுக்கு வெட்கம். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இவனே வைத்துவிட்டான். தும்பக்காட்டில் யாரும் செய்யாத தப்பு அது. கரையேறும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவர்களும் விளையாட்டுக்குச் சரி என்றார்கள்.

தண்ணீரில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு அலை வந்து இவனைப் புரட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. காதுக்குள் யாரோ கூட்டமாகப் பேசுவதுபோல் இரைச்சல். பிறகு பார்த்தால் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறான். மற்ற மூவரும் கொஞ்ச தூரத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கவனிக்கவே இல்லை. தோளில் போட்டிருந்த துண்டு மட்டும் போய்விட்டது. சின்னக்கா ஒரு முனையில் சிவப்பு நூலால் கட்டம் தைத்துக் கொடுத்த பச்சைத் துண்டு.

மதியம் கிளம்பினார்கள். பாதி தூரம் வந்த பிறகு ஐனா தன் கல்லைக் காரின் முன்பக்கம் வைத்திருப்பதைப் பார்த்தான். பிஷ்ணு தன் கல்லை உருட்டிக்கொண்டிருந்தான். இளம்பரிதி கேட்காமலேயே பையிலிருந்து எடுத்துக் காட்டி, "உங்க ஊரு பாஸ்போர்ட் பத்திரமா இருக்குதுடா" என்று கிண்டல் செய்தான். இவன் தன் பாக்கெட்டில் கைவிட்டான். ஊழியர் விடுதிச் சாவி மட்டும்தான் இருந்தது.

எடுத்ததாகத்தான் நினைப்பு. கையில் எடுத்த குளிர்ச்சிகூட ஞாபகம் இருந்தது. காரைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினான். ஒரு கல்லுக்காக இன்னும் நாலு மணி நேரமா என்று சிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் வேலை.

அன்று முதல் உப்பு தெரியவில்லை. சூப்பில் கை நிறைய உப்பு போட்டுத் தலைமைச் சமையல்காரரிடம் திட்டு வாங்கினான். பயத்தில் ஒருநாள் ராஜப்பன் போனுக்குக் கூப்பிட்டு, "நான் முத்துராஜ் பேசறங்க சித்தப்பா. அம்மாகிட்ட குடுங்க" என்றான். "எவன்டா அது, வெளையாட வேற ஆள் கெடைக்கலியா" என்று ராஜப்பன் போனை வைத்துவிட்டார். அப்புறம் இவன் கூப்பிடவே இல்லை.

"மலையில சிக்னல் அப்படித்தான்டா" என்றேன். அவன் சொன்னதில் எனக்குப் பிடி கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

"நான் அங்கியே தண்ணிக்குள்ள இருந்து, இங்க வேற எதுவோ வந்திருந்தா? அது போய் என் கல்லை எடுத்துட்டு எங்கம்மா கையால சோறு தின்னா? எங்கம்மாவுக்கு ஏற்கெனவே ஒருத்தர் வரலீங்க்கா. என்னை நம்பி வேற எதையோ வூட்டுக்குள்ள வெச்சிக்கக்கூடாது இல்லீங்களா?"

இதுதான் அவன் போகாததற்குக் காரணம். பயம் அவனைப் பற்றியதே இல்லை, அவளைப் பற்றியது. அன்றைக்கு அவன்மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் வடிந்துவிட்டது. எப்படியாவது இவனை வீடு சேர்த்துவிட வேண்டும் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது ஆபீஸ் வழிதான். தொலைந்த ஆவணத்துக்கு நகல் கேட்டு மனுப் போடுவதுபோல, ஐனாவுக்கு அவன் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுத வைத்தேன். அவள் நல்ல பெண். சிரிக்கவில்லை. எங்கள் பக்கமும் இப்படி உண்டு, விடுமுறை கிடைத்ததும் போய்ப் பார்க்கிறேன் என்று பதில் போட்டாள். புரட்டாசி கடைசியில் ஒரு போட்டோ வந்தது.

சிமெண்டுச் சுவர். பின்னால் கடல். சுவர்மேல் ஒரே ஒரு கல். நாலு மாதம் மழை பெய்து, காற்றடித்து, ஆயிரம் பேர் நடந்த இடத்தில் அது இவன் வைத்த இடத்திலேயே இருந்தது. போட்டோவைப் பெரிதாக்கினேன். சிவப்புக் கோடு தெரிந்தது. சுவர் முழுக்கக் காய்ந்திருந்தது, கல்லைச் சுற்றி மட்டும் ஈரம். அலை தெறித்திருக்கும் என்றேன். அலை அவ்வளவு தூரம் வராது என்றான்.

அடுத்தவர் கல்லைத் தொடக்கூடாதே என்று அவன் கையைப் பிசைந்தான். அதற்கும் நான் வழி சொன்னேன். விரல் படாமல் பேப்பரால் எடுத்து, டப்பாவில் போட்டு, கூரியரில் அனுப்பச் சொன்னேன். சட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு என்று பெரிய அதிகாரிபோலப் பேசினேன்.

கார்த்திகை பிறந்த வாரம் பார்சல் வந்தது. சுங்கத் தாளில் 'அலங்காரக் கல், ஒன்று' என்று எழுதியிருந்தது. அட்டைப் பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது. மற்ற பார்சல்கள் எல்லாம் அதே சாக்குப்பையில் காய்ந்தபடி வந்திருந்தன. முத்துராஜ் பெட்டியைப் பிரித்து, பேப்பரை விலக்கி, கல்லைக் கையில் எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். எடுத்த கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் என் மேசைமேல் விழுந்தது. ஒரு கல்லுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்காது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மதியம் மெஸ்ஸில் குப்புராஜ் சாம்பார் ஊற்றினார். முத்துராஜ் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தான்.

"உப்பு ஜாஸ்திங்கண்ணா" என்றான்.

குப்புராஜ் சண்டைக்கு வந்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். முத்துராஜ் சிரித்தான். வந்து நாலு மாதத்தில் அவன் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டியில் கிளம்பினோம். அவன் ஓட்டினான். சட்டைப் பாக்கெட்டில் அந்தக் கல். ஊர் எல்லையில் பழைய கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, இந்தக் கடல் கல்லை அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். வளைவுகளில் ஏறும்போது பேசிக்கொண்டே வந்தான். வீட்டுக் கூரை மாற்ற வேண்டும், அம்மாவுக்கு ஒரு போன் வாங்கித் தர வேண்டும், தருமபுரியில் ஒரு ஓட்டலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இத்தனை பேசுவான் என்றே எனக்குத் தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய விண்ணப்பத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி நடந்தோம். பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். கொள்ளுக் காடுகளுக்கு நடுவே பாதை. புளியமரம் தெரிந்ததும் அவன் முன்னால் ஓடினான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பலகைக்கல்லைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

பலகைக்கல்லில் அவன் பார்த்துக்கொண்டிருந்த ஓரத்தில் ஒரு கல்தான் இருந்தது. பாசி படிந்து கறுத்த கல், மாதையனுடையது. அதற்குப் பக்கத்தில் முட்டை அளவுக்கு வெளுத்த தடம் ஒன்று மட்டும்.

"ஆடு தட்டி விட்டிருக்கும்" என்று புல்லுக்குள் தேடினேன். அவன் தேடவில்லை.

அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீடு தெரியும். வேலியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பச்சைத் துண்டு. காற்றில் திரும்பியபோது முனையில் சிவப்புக் கட்டம் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் காட்டில் யாரோ கொத்துகிற சத்தம், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

கீழ்ப்பக்கத்திலிருந்து சின்னக்கா விறகுக்கட்டோடு ஏறி வந்தாள். பலகைக்கல் பக்கம் வந்ததும் பழக்கத்தில் அதைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். ஆறு மாதம், அதற்கு மேல் நாலு மாதம் பிள்ளையைப் பார்க்காத தாய் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் விறகைக் கீழே போட்டுவிட்டுக் கொத்துகிற சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். மறுபடி இவனைப் பார்த்தாள்.

"முத்தா?" என்றாள்.

"நான்தாம்மா."

"எப்ப வந்த?"

"ஆடியில."

சின்னக்கா கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் ஆனியிலயே வந்துட்டானே" என்றாள்.

அவள் மெதுவாகச் சொன்னாள், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல.

"ஞாயித்துக்கெழம பொழுதோட வந்தான். மழையே இல்ல, தலையிலேர்ந்து தண்ணி ஊத்துது. கல்லை எடுத்துப் போட்டுட்டு வந்து கதவாண்ட நின்னான். ஊரே பாத்திச்சி. அதுலேர்ந்து காட்டு வேலை மொத்தமும் அவன்தான். பேச மாட்டான். உப்ப மட்டும் கை கையா அள்ளித் தின்னுவான். அஞ்சாறு நாளா அதுவும் கேக்கறதில்ல. வேண்டாங்கறான்."

பார்சல் வந்த நாளை விரல்விட்டுப் பார்த்தேன். ஆறு நாள்.

முத்துராஜ் அம்மா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அது நானில்லைன்னு உனக்குத் தெரியலியாம்மா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரிஞ்சிது. கதவத் தொறக்கறப்பவே தெரிஞ்சிது."

"அப்பறம் ஏம்மா உள்ள விட்ட?"

"ரெண்டு கல்லை என்னால பாத்துகிட்டு இருக்க முடியலடா. ஒண்ணைப் பதினஞ்சி வருசமாப் பாத்துட்டேன். யாரோ ஒருத்தர் வந்து எடுத்தாங்களே, அது போதும்னு தொறந்துட்டேன்."

கொத்துகிற சத்தம் நின்றது.

சின்னக்கா சட்டென்று எழுந்தாள். "நிறுத்திட்டான். கஞ்சிக்கு வருவான். நீ போயிடு கண்ணு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கக்கூடாது. பாத்தா எது போவும், எது நிக்கும்னு எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இவனக் கூட்டிகிட்டுப் போ" என்றாள். இத்தனை நேரத்தில் என்னோடு பேசியது அது ஒன்றுதான்.

முத்துராஜ் நகரவில்லை. "உன்ன நல்லாப் பாத்துக்கறானா?" என்று கேட்டான்.

"ம்."

"அடிக்க கிடிக்க..."

"இல்லடா. வெறகு ஒடச்சிப் போடறான். தண்ணி எடுத்தாரான். ஒரு கொறையும் இல்ல. நீ போ."

அவன் சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டுக் கடல் கல்லை எடுத்தான். மாதையன் கல்லுக்குப் பக்கத்தில், வெளுத்திருந்த தடத்தின் மேல் சரியாகப் பொருத்தி வைத்தான். அதுவரை கலங்காமல் பேசிக்கொண்டிருந்த சின்னக்கா அப்போதுதான் உடைந்தாள்.

"அத ஏன்டா வெச்ச?" என்று அழுதாள். "மறுபடியும் ஏன்டா ரெண்டாக்குன?"

"வருவேன்னு வெச்சிட்டுப் போறம்மா" என்றான்.

விறகுக்கட்டை அவள் தலையில் தூக்கி வைத்ததும் அவன்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். நாங்கள் கீழே இறங்கினோம். வண்டி இருக்கும் இடம் வந்ததும் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வேலியோரத்தில் அவள் தலையிலிருந்து கட்டை ஒருத்தன் இறக்கிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நாலு மாதமாக என் ஜெராக்ஸ் மெஷின்மேல் தினமும் குனிகிற முதுகு அது. எனக்கு முன்னால் அதே முதுகு ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தது. இறங்குகிற வழி முழுக்க நான் கண்ணைத் திறக்கவில்லை.

முத்துராஜ் இப்போது குப்புராஜ் மெஸ்ஸில் சமைக்கிறான். நன்றாகச் சமைக்கிறான், உப்பு ஒரு கல் கூடாது, குறையாது. சித்தேரி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் வெளியே வந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பான். மலைக்காரர்கள் அவன் பக்கம் பார்க்காமல் நடந்துபோவார்கள்.

போன வாரம் பேங்க் கணக்கில் முகவரி மாற்ற வேண்டும் என்று விண்ணப்பத்தோடு வந்தான். நானே எழுதினேன். தற்போதைய முகவரிக்கு மெஸ் மாடி. அடுத்த வரியில் நிரந்தர முகவரி. இதையும் இங்கேயே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். போட்டுவிட்டால் அவனுக்கு நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"வேணாங்க்கா. தும்பக்காடுன்னே இருக்கட்டும்" என்றான். "என் கல்லு அங்கதான இருக்குது."

தும்பக்காடு என்றே எழுதினேன்.